கட்டிப் புற்றுநோய்களுக்குக் கார்-டி செல் சிகிச்சையை உருவாக்குவது எப்படி: குழந்தைகளின் மூளைத்தண்டுக் கட்டியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

குழந்தைகளின் மூளைத்தண்டில், மூச்சையும் விழுங்குவதையும் கண் அசைவையும் ஆளுகிற பான்ஸ் என்னும் பகுதியில், ஒரு வகைக் கட்டி தோன்றுகிறது. நல்ல நரம்புத் திசுவுக்குள் ஊடும் பாவுமாகப் பரவிக் கிடப்பதால் அறுவை மருத்துவரால் அதை வெட்டி எடுக்க இயலாது. வழக்கமான கீமோதெரபி மருந்துகள் இதுவரை பெரிய பயன் தந்ததில்லை. கதிர்வீச்சு நோயைச் சில மாதங்கள் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் எச்3கே27எம் என்ற மரபணுப் பிறழ்வைக் கொண்ட இந்தக் கட்டிக்கு எதிராக, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் மோன்ஜே, கிரிஸ்டல் மக்கால் ஆகியோரின் குழுக்கள் கார்-டி செல் சிகிச்சை ஒன்றைப் படிப்படியாக உருவாக்கியுள்ளன. கட்டிப் புற்றுநோய்களுக்குச் செல் சிகிச்சை உருவாக்க எண்ணும் இளம் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை என்பது என் கருத்து. எனவே அதையே நடுவில் வைத்து, எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே தடுமாறுவார்கள், எதைக் கடைசிவரை ஒத்திப்போடக் கூடாது என்பவற்றைச் சொல்கிறேன்.

கார்-டி செல் என்பது நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்த டி செல் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுவுக்குள் செயற்கை ஏற்பி ஒன்றின் மரபணுவைச் செலுத்தி உண்டாக்கும் உயிருள்ள மருந்து. ஏற்பியின் வெளிமுனை, எதிர்ப்பொருள் ஒன்றிலிருந்து எடுத்த பிடிப்பகுதி. உள்முனை, பிடித்ததும் டி செல்லைத் தூண்டிவிடும் சமிக்ஞைப் பகுதி. இந்த அமைப்பை 1989-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷாரின் குழு செய்து காட்டியது. 2012-இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமி இதனால் இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டார். 2017 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதல் கார்-டி மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

இலக்கு: அதிக நாள் செலவிட வேண்டிய இடம்

இரத்தப் புற்றுநோயில் கிடைத்த வெற்றியை அப்படியே கட்டிகளுக்குப் பெயர்த்துவிடலாம் என்று எண்ணுவதே பலர் செய்யும் முதல் தவறு. எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களின் மேற்பரப்பிலுள்ள சிடி19 என்ற இலக்கு, இரத்தப் புற்றுநோயில் நமக்கு வாய்த்த ஒரு நல்வாய்ப்பு. புற்றுநோயான பி செல்லோடு நல்ல பி செல்லும் அழிந்தாலும், இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள்களை வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டு ஒருவர் ஆண்டுக்கணக்கில் வாழ முடியும். நுரையீரலின் உட்பரப்போ இதயத் தசையோ அழிந்தால் எவராலும் வாழ முடியாது.

இதற்கு இத்துறை கொடுத்த விலை பெரிது. பெருங்குடல் புற்றுநோய் பரவிய ஒரு நோயாளிக்கு, ஹெர்2 புரதத்தைத் தாக்கும் கார்-டி செல்கள் ஆயிரம் கோடி எண்ணிக்கையில் ஏற்றப்பட்டன. கால் மணி நேரத்திற்குள் மூச்சுத் திணறல் தொடங்கியது. ஐந்தாம் நாள் அவர் இறந்தார். நுரையீரல் செல்களில் மிகச் சிறிய அளவில் இருந்த ஹெர்2-ஐ அந்த டி செல்கள் கண்டுகொண்டன என்பதே 2010-இல் வெளியான விளக்கம். அதே ஹெர்2-க்கு எதிரான எதிர்ப்பொருள் மருந்து அதற்கு முன்பே பல ஆண்டுகளாகப் பாதுகாப்பாகப் பயன்பட்டு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பொருள் பொறுத்துக்கொள்ளும் சிறு அளவைக் கார்-டி செல் பொறுத்துக்கொள்ளாது.

இரண்டாவது நிகழ்வு இன்னும் நுட்பமானது. மேஜ்-ஏ3 என்ற இலக்குக்காகப் பிடிப்பு வலுவூட்டப்பட்ட டி செல் ஏற்பியைப் பெற்ற முதல் இரு நோயாளிகளும் சில நாட்களில் இதயம் செயலிழந்து இறந்தனர். இதயத்தில் மேஜ்-ஏ3 இல்லை. ஆனால் இதயத் தசையிலுள்ள டைட்டின் என்ற மாபெரும் புரதத்தின் ஒரு துண்டு, மேஜ்-ஏ3-இன் துண்டைப் போலவே அந்த ஏற்பிக்குத் தோன்றியது. ஆய்வகத்தில் வழக்கமாக வளர்க்கும் இயல்பான செல்களில் இது தென்படவில்லை. தண்டு செல்லிலிருந்து வளர்த்த, தட்டில் துடித்துக்கொண்டிருந்த இதயச் செல்களோடு சேர்த்துப் பார்த்த போதுதான் 2013-இல் காரணம் தெரிந்தது.

ஆகவே, ஒரு மூலக்கூறு கட்டியில் இருக்கிறதா என்று தேடுவதற்கு முன், உடலில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். ஆர்என்ஏ தரவுத்தளங்களைப் பார்ப்பது தொடக்கத்துக்கு உதவும், முடிவெடுக்க உதவாது. ஜிடி2 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அது புரதம் அல்ல, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. அதற்கென்று தனி மரபணு இல்லாததால், மரபணு வெளிப்பாட்டு அட்டவணையில் ஜிடி2 என்று தேடினால் எதுவும் கிடைக்காது; அதைத் தொகுக்கும் நொதியின் மரபணுவைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும். ஸ்டான்ஃபோர்டு குழு செய்தது நேரான வழி: நோயாளிகளின் கட்டியிலிருந்து வளர்த்த செல்களை எடுத்து, அவற்றின் மேற்பரப்பில் எந்தெந்த மூலக்கூறுகள் உள்ளன என்று எதிர்ப்பொருள்களைக் கொண்டு வரிசையாகச் சோதித்தது. வெவ்வேறு குழந்தைகளிடமிருந்து வந்த எச்3கே27எம் செல்கள் அனைத்திலும் ஜிடி2 மிக அடர்த்தியாகவும் ஒரே சீராகவும் இருந்ததை 2018-இல் வெளியிட்டது.

அந்த "ஒரே சீராக" என்ற சொல்லை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்டியின் செல்களில் பத்தில் எட்டில் மட்டும் இலக்கு இருந்தால், மீதி இரண்டுதான் திரும்பி வளரும். கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இஜிஎஃப்ஆர் வி3 என்ற இலக்கைத் தாக்கும் செல்களைக் கொடுத்த பிறகு கட்டியை எடுத்துப் பார்த்த ஆய்வில், பெரும்பாலோரிடம் இலக்கு குறைந்தோ மறைந்தோ போயிருந்தது. கட்டி அப்படியே நின்றது. செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி படத்தில் கூம்பு வலப்பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், இலக்கு குறைந்த செல்களைக் காட்டும் அதன் இடது வால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு செல்லில் எத்தனை மூலக்கூறுகள் என்பதையும் அளவுமணிகளைக் கொண்டு எண்ணுங்கள்; கார் ஏற்பிக்கு இயல்பான டி செல் ஏற்பியைவிடப் பன்மடங்கு அதிக இலக்கு தேவை.

ஜிடி2-க்கு இன்னொரு தகுதியும் இருந்தது. நியூரோபிளாஸ்டோமா என்னும் நரம்புப் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கு அதைத் தாக்கும் டினுடக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் 2015-லேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுவிட்டது. அதன் முதன்மைப் பக்கவிளைவு கடும் நரம்பு வலி. புற நரம்புகளில் ஜிடி2 சிறிது இருப்பதே காரணம். மனித உடலில் எங்கே வலிக்கும் என்பது முன்பே தெரிந்த இலக்கு, எதுவுமே தெரியாத புத்தம் புதிய இலக்கைவிடப் பலமடங்கு மேலானது. ஹெர்2 நிகழ்வு காட்டியபடி இது மட்டும் போதாது என்றாலும், முதல் முயற்சிக்கு இத்தகைய இலக்கையே தேர்ந்தெடுக்கும்படி நான் சொல்வேன்.

ஏற்பியை வடிவமைத்தல்

இலக்கு உறுதியான பின் ஏற்பியின் வடிவமைப்பு ஒப்பீட்டளவில் எளிது. பிடிப்பகுதி, கீல்பகுதி, சவ்வைக் கடக்கும் பகுதி, துணைத்தூண்டல் பகுதி, முதன்மைச் சமிக்ஞை தரும் சிடி3 ஸீட்டா என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. துணைத்தூண்டலுக்கு சிடி28 வேகத்தையும் 4-1பிபி நீடிப்பையும் தரும் என்பது பொதுவான அனுபவம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சில பிடிப்பகுதிகள் இலக்கே இல்லாத நிலையிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு டி செல்லை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். அத்தகைய செல் வளர்ப்புக் குடுவையிலேயே களைத்துப் போய், நோயாளியின் உடலுக்குள் செல்லும்போது போரிடும் ஆற்றலை இழந்திருக்கும். ஜிடி2 ஏற்பிகள் இந்தக் குறைக்குப் பெயர்போனவை. 4-1பிபி அந்தக் களைப்பைக் குறைக்கிறது என்பதை மக்காலின் குழுவே 2015-இல் காட்டியது. டசாடினிப் என்ற மருந்தைக் கொண்டு ஏற்பியின் சமிக்ஞையைச் சிறிது காலம் அடக்கி வைத்தால், களைத்த செல்கள் ஓய்வெடுத்து மீள்கின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே ஒவ்வொரு வடிவத்தையும் இலக்குச் செல் எதுவும் சேர்க்காமல் பத்து நாட்கள் வளர்த்து, பிடி-1, டிம்-3 போன்ற களைப்புக் குறிகள் ஏறுகின்றனவா, சைட்டோகைன் என்னும் அழற்சிப் புரதங்களை வெறுமனே சுரக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கொல்லும் திறனைச் சோதிக்கும் ஆர்வத்தில் இந்த எளிய சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் ஓராண்டை இழப்பவர்கள் உண்டு.

பிடிப்பகுதி எலியின் எதிர்ப்பொருளிலிருந்து வந்ததென்றால் நோயாளியின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு நிராகரிக்கக்கூடும். ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்ற நெக்ஸ்கார்19, மனிதப் புரதத்தை ஒத்ததாக மாற்றிய பிடிப்பகுதியைக் கொண்டது.

தாக்கும் கருவியை வரையும் அன்றே நிறுத்தும் கருவியையும் வரைந்துவிட வேண்டும். ஐகாஸ்ப்9 என்ற அணைப்பு மரபணுவை ஏற்பியோடு சேர்த்தே செலுத்தினால், ரிமிடுசிட் என்ற சிறு மருந்தைக் கொடுத்து அந்தச் செல்களை உடலுக்குள்ளேயே மாய்த்துவிடலாம். ரோம் நகரின் பாம்பினோ ஜேசு மருத்துவமனை, இந்த அணைப்பானுடன் கூடிய ஜிடி2 செல்களை நியூரோபிளாஸ்டோமா குழந்தைகள் 27 பேருக்குக் கொடுத்து, 17 பேரிடம் கட்டி சுருங்கியதை 2023-இல் தெரிவித்தது. மூச்சு நிலையத்துக்குள் கட்டியுள்ள குழந்தைக்கு அணைப்பான் இல்லாத செல்லைச் செலுத்தும் துணிவு எவருக்கும் வரக்கூடாது.

எலியிடம் கேட்க வேண்டிய கேள்வி

தட்டில் நடக்கும் சோதனைகளில் ஒரு கட்டுப்பாட்டை விட்டுவிடாதீர்கள்: அதே கட்டிச் செல்லிலிருந்து இலக்கை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் நீக்கிய செல். உங்கள் கார்-டி அதையும் கொன்றால், நீங்கள் அளப்பது நீங்கள் எண்ணியதை அல்ல. ஒரு முறை கொல்வதை மட்டும் பார்க்காமல், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை புதிய கட்டிச் செல்லைச் சேர்த்து, எத்தனையாவது சுற்றில் டி செல்கள் தோற்கின்றன என்று எண்ணுங்கள்; எனக்குத் தெரிந்தவரை நோயாளியின் உடலில் நடப்பதற்கு மிக அருகில் வரும் எளிய சோதனை இதுவே.

நோயெதிர்ப்பு ஆற்றல் நீக்கப்பட்ட எலியில் மனிதக் கட்டியை வளர்த்துக் கார்-டி செலுத்துவது வழக்கம். அதில் கட்டி கரைவதைக் காட்டும் ஒளிரும் படங்கள் எல்லாக் கட்டுரைகளிலும் உண்டு. ஆனால் மனித இலக்கைப் பிடிக்கும் ஏற்பி பெரும்பாலும் எலியின் இணைப் புரதத்தைப் பிடிக்காது. அதனால் நல்ல திசு தாக்கப்படுவது எலியில் தெரியாமலே போகும். ஜிடி2 எலியிலும் மனிதரிலும் ஒரே மூலக்கூறு என்பதால் இந்த விஷயத்தில் எலியின் சாட்சியம் சற்று நம்பத்தக்கதாக இருந்தது.

அந்த எலிகள் கொடுத்த பாடமே இந்தச் சிகிச்சையின் பிற்கால வடிவத்தைத் தீர்மானித்தது. கட்டிகள் ஏறத்தாழ முழுதும் கரைந்தன. ஆனால் கட்டி மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் பகுதியில் இருந்த எலிகளில் சில, கட்டி கரைந்துகொண்டிருந்த நாட்களிலேயே இறந்தன. ஜிடி2 உள்ள நல்ல நரம்பு செல்கள் தாக்கப்படவில்லை. கட்டி அழியும் இடத்தில் எழுந்த அழற்சி வீங்கி, மூளைத் திரவம் ஓடும் பாதையை அடைத்துவிட்டது. சிகிச்சை பலித்ததே உயிருக்கு ஆபத்தாயிற்று. பல குழுக்கள் இத்தகைய இறப்புகளை அடிக்குறிப்பில் வைத்துவிட்டு நகர்ந்திருக்கும். இவர்கள் அதைக் கட்டுரையின் முன்பக்கத்திலேயே எழுதி, மனித ஆய்வில் தலாமஸில் பெரிய கட்டியுள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்றும், அனைவருக்கும் மூளை அழுத்தத்தைக் கண்காணிப்பது என்றும் விதி வகுத்தனர். உங்கள் எலி இறந்தால், ஏன் இறந்தது என்பதைக் கண்டறியும்வரை அடுத்த படிக்குச் செல்லாதீர்கள்.

செல்லை மருந்தாக்குதல்

நோயாளியின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பதில் உற்பத்தி தொடங்குகிறது. மூளைக் கட்டி உள்ள குழந்தைகள் வீக்கத்தைத் தணிக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது டி செல்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். மருந்தின் அளவை எப்போது எவ்வளவு குறைக்கலாம் என்று சிகிச்சை மருத்துவரோடு முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால், சிறந்த ஆய்வகமும் நல்ல செல் கிடைக்காமல் தவிக்கும்.

பிரித்த டி செல்களை சிடி3, சிடி28 எதிர்ப்பொருள்கள் பூசிய மணிகளால் எழுப்ப வேண்டும். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் சிதறிக் கிடந்த சிறு வட்டங்கள் திராட்சைக் கொத்துகளாகத் திரண்டிருக்கும். அதுவே அவை விழித்துக்கொண்டதற்கு அடையாளம். கொத்து உருவாகாத குடுவைக்கு வைரஸைச் சேர்ப்பது வீண். ரெட்ரோவைரஸ் அல்லது லென்டிவைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்தியபின் டி செல்லை வளரத் தூண்டும் ஐஎல்-2 அல்லது ஐஎல்-7, ஐஎல்-15 புரதங்களைச் சேர்த்து வளர்ப்பர். இளஞ்சிவப்பாக இருந்த வளர்ப்பு நீர்மம் மஞ்சளாக மாறினால் செல்கள் பெருகி அமிலம் சேர்ந்துவிட்டது என்று பொருள். உடனே புதிய நீர்மம் ஊற்ற வேண்டும். எண்ணிக்கை பெருகட்டும் என்று நாட்களைக் கூட்டிக்கொண்டே போவது தவறு. நீண்ட நாள் வளர்த்த செல் முதிர்ந்துவிடும். உடலில் நெடுநாள் நிலைப்பவை இளமையான, நினைவுத்திறன் கொண்ட செல்களே.

தூய்மைச் சோதனைகளில் எந்தத் தளர்வும் கூடாது. ஒரு நோயாளியின் டி செல்களோடு தவறி நுழைந்த ஒரேயொரு இரத்தப் புற்றுநோய்ச் செல்லுக்குள்ளும் கார் மரபணு புகுந்துவிட்டது. அது தன் மேற்பரப்பிலிருந்த சிடி19-ஐத் தன் ஏற்பியாலேயே மூடி மறைத்துக்கொண்டு தப்பிப் பெருகியது, நோய் திரும்பியது. 2018-இல் வெளியான இந்தச் செய்தி, கோடிக்கணக்கான செல்களில் ஒன்றே போதும் என்பதற்குச் சான்று. உயிருள்ள செல்களின் விழுக்காடு எழுபதுக்கு மேல், கிருமியின்மை, மைக்கோபிளாஸ்மா இன்மை, எண்டோடாக்சின் வரம்பு, ஒரு செல்லுக்குச் செருகப்பட்ட மரபணு நகல்கள் ஐந்துக்குக் குறைவு ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும் அளவுகள். நகல் கூடக் கூட, மரபணு தவறான இடத்தில் செருகப்பட்டு அந்த டி செல்லே புற்றாகும் ஆபத்தும் கூடும். கார்-டி மருந்துகளுக்கு அத்தகைய எச்சரிக்கையை 2024-இல் அமெரிக்க நிர்வாகம் கட்டாயமாக்கியது.

உற்பத்தி எங்கே நடக்கிறது என்பது செலவை மட்டுமன்றி உயிரையும் தீர்மானிக்கிறது. செல்லை வேறு நாட்டுக்கு அனுப்பி வாங்க வாரக்கணக்கில் ஆகும். மூளைத்தண்டுக் கட்டி அதுவரை காத்திருக்காது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல்களை மருத்துவமனை வளாகத்திலேயே ஏறத்தாழ ஒன்பது நாட்களில் தயாரித்து நோயாளிகளுக்குச் செலுத்தியுள்ளது. மூடிய தானியங்கிக் கருவியைக் கொண்டு நோயாளியின் அருகிலேயே தயாரிக்கும் இந்த முறை, வேகமாக வளரும் கட்டிகளுக்கு இன்னும் பொருத்தமானது என்று கருதுகிறேன்.

முதல் நோயாளி

இந்தியாவில் செய்வதானால் 2019-இன் மரபணு சிகிச்சை வழிகாட்டு நெறிகளும் அதே ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளும் பொருந்தும். நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவிலிருந்து தொடங்கி அனுமதிகள் படிப்படியாகப் பெறப்பட வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வின் விவரங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். டி செல்களுக்கு உடலில் இடமளிக்க முதலில் ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்பமைடு என்ற கீமோதெரபி மருந்துகள் கொடுக்கப்பட்டன. பின்னர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் பத்து லட்சம் செல்கள் இரத்த நாளம் வழியாக ஏற்றப்பட்டன. முப்பது லட்சமாக உயர்த்தியபோது உடலெங்கும் சைட்டோகைன்கள் பெருகும் சைட்டோகைன் புயல் பொறுக்க முடியாத அளவை எட்டியதால் முதல் அளவே இறுதி செய்யப்பட்டது. பயன் பெற்றவர்களுக்கு அடுத்தடுத்த தவணைகள், உச்சந்தலைத் தோலுக்கடியில் பொருத்திய ஒம்மாயா என்ற சிறு குமிழ் வழியாக நேரடியாக மூளைத் திரவத்திற்குள், ஒன்று முதல் மூன்று கோடி செல்கள் வீதம் செலுத்தப்பட்டன. இந்த வழியில் உடல் முழுதும் எழும் புயல் குறைந்தது. அதே குமிழே அழுத்தத்தை அளக்கவும், கூடினால் திரவத்தை வெளியேற்றவும், ஆய்வுக்கு மாதிரி எடுக்கவும் பயன்பட்டது. ஒரு கருவிக்கு நான்கு வேலை. நல்ல வடிவமைப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

2024-இல் வெளியான முடிவின்படி செல்களைப் பெற்ற 11 பேரில் நால்வரின் கட்டி 52, 54, 91, 100 விழுக்காடு சுருங்கியது. ஒன்பது பேரிடம் நரம்பியல் முன்னேற்றம் காணப்பட்டது. ஒருவரிடம் கட்டி முற்றிலும் மறைந்து, ஆய்வில் சேர்ந்து 30 மாதங்கள் கடந்த பின்பும் திரும்பவில்லை. மற்றவர்களிடம் ஏன் அது நிகழவில்லை என்பதே அடுத்த வேலை. கட்டி அழற்சியால் நரம்புக் குறிகள் தற்காலிகமாக மோசமாவதற்குத் தனிப் பெயரும் தர அட்டவணையும் உருவாக்கினார்கள். அழற்சியை அடக்கும் அனகின்ரா, டோசிலிசுமாப், ஸ்டீராய்டு ஆகியவற்றை எந்த அறிகுறிக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்பதைத் தாளில் எழுதி, இரவுப் பணிச் செவிலியர் வரை பயிற்சி கொடுத்த பிறகே முதல் நோயாளியைச் சேருங்கள். சளிக் காய்ச்சல் போலத் தொடங்கும் புயல் பெரும்பாலும் நள்ளிரவில்தான் கண்ணில் படும்.

பெற்றோரிடம் ஒப்புதல் பெறும்போது முதல் கட்ட ஆய்வு என்பது அளவையும் பாதுகாப்பையும் அறிவதற்கே என்பதை அவர்கள் பேசும் மொழியில், ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளில், ஆய்வாளர் அல்லாத ஒரு மருத்துவரும் உடனிருக்க விளக்க வேண்டும். மரபணு மாற்றிய செல்களைப் பெற்றவரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதையும் அதற்கான நிதியை யார் வைத்திருப்பார்கள் என்பதையும் அன்றே எழுதுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் தனித் தாளாக இன்னொன்றும் இருக்க வேண்டும். நோயாளிகளின் கட்டியிலிருந்து வளர்த்த செல்கள் என்று மேலே குறிப்பிட்டேன். அவற்றில் முதலாவதாக வளர்க்கப்பட்டவை, இறந்துபோன குழந்தைகளின் பெற்றோர் கொடையாக அளித்த மூளைத் திசுவிலிருந்து வந்தவை. இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் செல்கள் பிழைக்கும். அதற்கு, பிரேதப் பரிசோதனை மருத்துவர், வாகனம், ஈரம் உலராத கொள்கலன், விடிய விடிய ஆய்வகத்தில் காத்திருக்கும் ஒருவர் ஆகிய நான்கும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஏற்கெனவே முடிவெடுத்த குடும்பம் அழைக்கும்போது எதிர்முனையில் தொலைபேசி எடுக்கப்பட வேண்டும். அந்த எண்ணைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டு, இரவு பகல் எந்நேரமும் யார் எடுப்பது என்ற பணிப்பட்டியலை ஆய்வகக் கதவில் ஒட்டி வையுங்கள்.